எங்காத்துத் தொட்டியில் துங்கா நதி மீன்

(செம்பூரில் நடந்த நமது உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் நான் பேசியதன் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களுக்காக ஓரிரு இடங்களில் விளக்கம் சேர்த்திருக்கிறேன்.)

 

நம் காரியதரிசி போன் செய்து, "மாமா, உங்க மீன் தொட்டியைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்கோ" என்றார். வழக்கமாக இந்த மேடையில் உபந்யாசம் இருக்கும், வருமான வரி இருக்கும், மூட்டு வலிக்கு டாக்டர் யோசனை சொல்வார். மீனைப் பற்றி நம்மவர்களிடம் என்ன பேசுவது என்று தயங்கினேன். காரியதரிசி விடவில்லை. "மத்ஸ்யாவதாரம்னு ஆரம்பிச்சுடுங்கோ, யாரும் ஆட்சேபிக்க மாட்டா" என்றார். ஆரம்பித்தாயிற்று.

நான் வங்கியில் முப்பத்தைந்து வருஷம் உத்யோகம் பார்த்து 2011ல் ஓய்வு பெற்றவன். அடுத்த வருஷம் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த பேத்தி, நாய்க்குட்டி வேண்டும் என்று அடம் பிடித்தாள். எங்கள் கட்டிடத்தில் நாய்க்குத் தடை. மீனில் சமாதானம் ஆயிற்று. பேத்தி ஆறு வாரத்தில் ஊருக்குப் போய்விட்டாள். தொட்டி என்னிடம் நின்றுவிட்டது. இங்கே இருக்கும் தாத்தாக்கள் பலருக்கு இந்தக் கதை தெரிந்ததாகத்தான் இருக்கும்.

முதலில் இரண்டடித் தொட்டி, தங்க மீன். பிறகு ஆசை வளர்ந்து நான்கடித் தொட்டி. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் விளிம்பு வரை ஏறக்குறைய 250 லிட்டர் ஜலம். கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் முந்நூறு கிலோவுக்கு மேல். பழைய கட்டிடத்தில் இருப்பவர்கள் ஹாலின் நடுவில் வைக்காமல், தூணையும் சுவரையும் ஒட்டி வையுங்கள். எங்கள் சொசைட்டி செக்ரெட்டரி இரண்டு முறை வந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தத் தொட்டியில் மணலும் பாறையும் போட்டுச் செடி வளர்த்தேன். ஜப்பானில் தகாஷி அமானோ என்று ஒருவர் இருந்தார். 1954ல் பிறந்து 2015ல் மறைந்தார். முதலில் சைக்கிள் பந்தய வீரர், பிறகு புகைப்படக்காரர், அதன் பிறகு தொட்டிக்குள் காடு வளர்த்தவர். அவர் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கப் பலர் இதில் இறங்கினார்கள். நானும் அந்தப் பட்டியலில் கடைசி ஆள். இளவயதில் ஆக்ஃபா கிளிக் காமிராவும், குளியலறையில் சிவப்பு பல்புமாக இருந்தவன். ஆகவே செடி ஒரு பக்கம், காமிரா ஒரு பக்கம் என்று பொழுது நன்றாகப் போயிற்று.

இனி மீனுக்கு வருகிறேன். கடைக்காரர் 'ஜீப்ரா லோச்' என்று ஆறு மீன் கொடுத்தார். விரல் நீளம், மஞ்சள் உடம்பில் கரும்பழுப்புக் கோடுகள் நெருக்கமாக, வாயருகே குட்டி மீசை. லோச் என்பதற்குத் தமிழில் அயிரை என்று சொல்லலாம். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்கு ருசி தெரியாவிட்டாலும் பெயர் தெரியும். சங்கப் பாட்டுகளில் நாரை மேய்கிற அயிரையும் இந்தக் கூட்டம்தான். அடிமட்டத்தில், மணலைத் துழாவிக்கொண்டு, கல்லிடுக்கில் குடியிருக்கும் ஜாதி.

இதன் சேஷ்டைகளைச் சொல்லி மாளாது. பகலில் பெரும்பாலும் இடுக்கில் ஒளிந்திருக்கும். சாயங்காலம் விளக்கு மங்கினதும் ஆறும் சேர்ந்து கிளம்பும். உணவு கிடைத்தால் 'டிக் டிக்' என்று சத்தம் போடும், ஹாலில் உட்கார்ந்தால் காதில் விழும். சில சமயம் செத்தது போலப் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். முதல் நாள் நான் பதறிப்போய் வலையை எடுத்தேன். அது எழுந்து ஓடிவிட்டது. நீந்தும்போது கோடுகள் செங்குத்தாக இருக்கும். படுத்தால் அதே கோடுகள் குறுக்காகிவிடும். ஆகவே இது எந்த சம்பிரதாயம் என்று விவாதம் வேண்டாம்.

வீட்டில் விவாதம் வேறு விஷயத்தில் வந்தது. இந்த மீனுக்கு வெள்ளரித் துண்டு பிடிக்கும், ஆனால் அது மட்டும் போதாது. உறைய வைத்த சிவப்புப் புழு வேண்டும். அதை ஃப்ரீஸரில்தான் வைக்க வேண்டும். என் சகதர்மிணி, "ஏன்னா, பால் வைக்கிற ஃப்ரிட்ஜ்ல புழுவா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது" என்று சொல்லிவிட்டாள். அப்பீல் கிடையாது. இந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

2013 மே மாதம். பம்பாய் வெயில் உங்களுக்குத் தெரியும். தொட்டி ஜலம் 32 டிகிரி, 33 டிகிரி என்று ஏறியது. ஜலம் சூடானால் அதில் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். இந்த மீனோ மலையாற்றில் ஓடும் ஜலத்தில் பிறந்தது. போதாக்குறைக்கு, செடி செழிக்க வேண்டும் என்று சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டிலிலிருந்து கரியமில வாயு விட்டுக்கொண்டிருந்தேன். பகலில் செடி அதை எடுத்துக்கொண்டு பிராணவாயு கொடுக்கும். ராத்திரியில் செடியும் மீனைப் போலவே சுவாசிக்கும், பாட்டிலும் ஓயாமல் விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்கு அது புரியவில்லை, பசி என்று நினைத்தேன்.

இப்படித் துவண்ட மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. உடம்பெல்லாம் உப்புத் தூவினது போல இருக்கும். மாலகைட் பச்சை என்று ஒரு சாயம் கலந்த மருந்து உண்டு. சீசாவில் போட்டிருந்த அளவைக் கணக்குப் பண்ணி, வங்கிக்காரன் சிரத்தையோடு ஒரு சொட்டு குறையாமல் ஊற்றினேன். காலையில் மூன்று மீன் செத்துக் கிடந்தன. இந்தத் தடவை படுத்துக்கொண்டு விளையாடவில்லை.

அன்று மின்விசிறி ரிப்பேருக்கு ஒரு பையன் வந்திருந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. ஸ்டூலில் ஏறியவன் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். "ஸார், ஃபுல் டோஸ் போட்டீங்களா? இது அயிரை ஜாதி ஸார். செதில் கண்ணுக்கே தெரியாது. தோல் வழியா மருந்து இறங்கிடும். பாதிதான் போடணும்" என்றான் சுத்தத் தமிழில். கேட்டால், ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு சீத்தா கேம்ப்.

அன்றைக்கே பாதி ஜலத்தை மாற்றச் சொன்னான். ஈஸ்ட் பாட்டிலைக் கழற்றச் சொன்னான். ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓட வேண்டும் என்றான். ரிப்பேர் செய்ய வந்த விசிறியை விட்டுவிட்டு, ஒரு சின்ன மேஜை விசிறியை எடுத்து ஜலத்தின் மேல் காற்றடிக்கும்படி கட்டினான். ஆவியாகும்போது சூடு இறங்கும், பானை ஜலம் குளிர்கிற கணக்குதான். இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. மருந்தைப் பாதி அளவில் ஏழெட்டு நாள் தொடர்ந்தோம். அந்தக் கிருமி தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது, உதிர்ந்து, பெருகி, குஞ்சுகளாக ஜலத்தில் நீந்தும்போதுதான் சாகும். ஆகவே ஒரே நாளில் அள்ளி ஊற்றிப் பயனில்லை என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மீதி மூன்றும் பிழைத்தன.

"எங்க வீட்டுத் தொட்டியை வந்து பாருங்க ஸார்" என்றான். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செம்பூரிலிருந்து சீத்தா கேம்ப் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். ட்ராம்பே போர்டு போட்ட பஸ் தினமும் என் கண்முன் போகும். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதில் ஏறியதில்லை.

வெளியூர் அன்பர்களுக்கு: அணுசக்தி மையத்தை அடுத்து ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. எமர்ஜென்ஸி காலத்தில், 1976 மே மாதம், அதை இடித்துச் சுமார் 70,000 பேரைக் கொண்டுபோய் இறக்கிய இடம்தான் சீத்தா கேம்ப். அந்த ஜனங்களுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 2000ல் மகசேசே விருதும் 2011ல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018ல் காலமானார். அந்தப் பையனின் பாட்டி இரண்டு குழந்தைகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் அன்று இடம் பெயர்ந்தவர்.

சந்துக்குள் சந்தாகப் போய் ஏணி வழியாக மேல் அறைக்கு ஏறினேன். இரண்டடித் தொட்டி, எங்கோ கழித்துப் போட்ட கண்ணாடியை வெட்டி அவனே ஒட்டியது. ஸ்பாஞ்சில் செய்த ஃபில்டர். மணல் சன்னமாக, மாவு மாதிரி. "கூரான ஜல்லி போட்டா மீசை தேஞ்சிடும் ஸார்" என்றான். என் தொட்டியில் இருந்ததோ அழகுக்காக வாங்கிய கூரான ஜல்லி. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அந்த டிரம்மில் ஒரு நாள் நின்றாலே குளோரின் போய்விடுகிறது. நான் அதற்கு 'ஹைப்போ' கரைசல் விடுகிறவன். ஹைப்போ தெரியுமோ இல்லையோ? இருட்டறையில் படம் கழுவியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1819ல் ஜான் ஹெர்ஷல், வெள்ளி உப்பை அது கரைக்கும் என்று கண்டுபிடித்தார், அதன் பிறகுதான் புகைப்படம் மங்காமல் நின்றது. மீன் தொட்டிக்காரர்கள் குளோரினைப் போக்குவதும் அதே உப்பால்தான். நாற்பது வருஷம் கழித்து அந்தச் சீசா மறுபடி என் வீட்டுக்குள் வந்தது.

அவன் தொட்டியில் இருந்தது நம்மூர் அயிரை. தாமிரபரணி வாய்க்காலில் பிடித்து, தண்ணீர் பாட்டிலில் போட்டு, நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாம். இரண்டு ராத்திரி பயணத்தை எப்படித் தாங்கிற்று என்று கேட்டேன். அயிரை மேலே வந்து காற்றைக் குடித்து, குடல் வழியாகச் சுவாசிக்கும். கரண்ட் போனால் என் வரி மீன்கள் தவிக்கும், அவன் அயிரைக்கு அவ்வளவு கஷ்டமில்லை. இந்த அயிரைக்கு 1846ல் விஞ்ஞானப் பெயர் வைத்தபோது, கிடைத்த இடமாகக் குறிப்பிட்டது இலங்கைத் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்று. பெயரிலேயே 'தெர்மாலிஸ்' என்று சூடு இருக்கிறது.

பையனின் அம்மா எனக்கு டீ கொடுத்துவிட்டு, "குழம்பு வைக்கிற மீனைக் கண்ணாடியில வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கான், நீங்களாவது புத்தி சொல்லுங்கய்யா" என்றார். என் வீட்டில் மீன் உள்ளே வந்ததற்குச் சண்டை, அவர்கள் வீட்டில் மீன் சட்டிக்குள் போகாததற்குச் சண்டை. புழுப் பிரச்னையும் அங்கேயே தீர்ந்தது. அந்த அம்மாவின் ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா எனக்கு ஒதுக்கினார்கள். பையன் வாரம் இரண்டு முறை இந்தப் பக்கம் வேலைக்கு வரும்போது ஐஸ் போட்ட தெர்மாஸில் கொண்டு வருவான். அந்த ஏற்பாடு வெகு நாள் நடந்தது.

தொட்டி சீரானதும் படமெடுக்க ஆரம்பித்தேன். கேட்கிறவர்கள் நிறைய இருப்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதல் வேலை கண்ணாடியைத் துடைப்பது. உள்பக்கப் பாசியைச் சுரண்ட, காலாவதியான ஏ.டி.எம். கார்டைப் போல வேறொன்று இல்லை. அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வேஷ்டிதான் படத்தில் விழும். நான் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்வேன். காமிரா கண்ணாடிக்கு நேராக இருக்க வேண்டும். சாய்வாகப் பிடித்தால் ஒளி வளைந்து மீனின் கண் கலங்கிவிடும். காமிராவோடு ஒட்டியிருக்கும் ஃப்ளாஷ் உதவாது. தனி ஃப்ளாஷைத் தொட்டிக்கு மேலே வைத்து, ட்ரேஸிங் பேப்பர் வழியாக வெளிச்சம் கீழே இறங்க விடுங்கள், ஆற்றில் சூரியன் விழுவது போல இருக்கும். துவாரம் பதினொன்று, வேகம் நூற்று அறுபதில் ஒரு பங்கு. குறி கண்ணின் மேல். கண்ணுக்குக் கீழே ஒரு முள் மடங்கி இருக்கும், பயந்தால் நீட்டும். அதனால்தான் இந்த மீனை வலையில் பிடிக்கக் கூடாது, சிக்கிக்கொண்டால் மீனுக்கும் காயம். கிண்ணத்தில் மொள்ள வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். ஒரு வெள்ளரி வில்லையைக் கல்லடியில் செருகிவிட்டுக் காத்திருப்பேன். நூறு எடுத்தால் இரண்டு தேறும்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூன்று மீனுக்கும் கோடுகள் மூன்று விதம். ஒன்றுக்கு வாலருகே கோடு இரண்டாகப் பிரிந்து சேரும். ஒன்றுக்கு முதுகில் ஒரு கோடு பாதியில் நின்றுவிடும். கைரேகை மாதிரி. அன்று முதல் ஒவ்வொரு மீனுக்கும் வலப்பக்கம், இடப்பக்கம் படமெடுத்துத் தேதி போட்டு லெட்ஜர் வைத்தேன். வங்கி புத்தி எங்கே போகும்?

அந்தப் படங்களில் ஒன்றை, விலங்கியல் பேராசிரியராக இருந்து ரிடையர் ஆன என் நண்பருக்கு அனுப்பினேன், பெருமைக்காகத்தான். அவர் பதில் இரண்டு பக்கம் வந்தது. இது போட்டியா ஸ்ட்ரையாட்டா என்ற மீன். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் இருக்கிறது. நம் கோலாப்பூர், சதாரா பக்கத்துக் கிருஷ்ணா நதி ஓடைகளிலும் உண்டு. இதை 1920ல் முதலில் விவரித்தவர் சி. ஆர். நாராயண ராவ். கோயம்புத்தூரில் 1882ல் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பேராசிரியராக இருந்தவர், தவளை ஆராய்ச்சியில் பெரிய பெயர், 1932ல் துவங்கிய 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியர். அவர் இந்த மீனைக் கண்ட இடம் தீர்த்தஹள்ளி, துங்கா நதி.

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். தீர்த்தஹள்ளி, சிருங்கேரிக்குக் கீழே அதே துங்கையின் கரையில் இருக்கிறது. சிருங்கேரி போகாதவர்கள் இந்தச் சபையில் குறைவு. படித்துறையில் பொரி போட்டிருக்கிறோம், பெரிய பெரிய மீன்கள் முண்டியடித்து வரும், அவற்றை யாரும் பிடிக்கக் கூடாது. பொரிக்கு வராமல் கல்லடியில் இருக்கும் விரல் நீள மீனை நாம் பார்த்ததில்லை. படித்துறை எல்லை தாண்டினால் அதற்குக் காவலும் இல்லை.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்று எழுதியிருந்தார். 2011ல் இந்த மீன் உலகச் சிவப்புப் பட்டியலில், அழியும் அபாயத்தில் உள்ளதாக ஏறியிருக்கிறது. அதே 2013ல் ராஜீவ் ராகவன், நீலேஷ் தஹானுகர் முதலானோர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2005 முதல் 2012 வரை, அபாயத்தில் உள்ள 30 வகை நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கு மேல் இந்தியாவிலிருந்து அலங்காரத் தொட்டிகளுக்காக ஏற்றுமதியாகியிருக்கின்றன. அதில் பெரும்பங்கு இரண்டு மூன்று வகைகள்தான், அவற்றில் ஒன்று இது. ஆற்றில் கலக்கும் சாக்கடையும் மணல் அள்ளுவதும் தனி. வீட்டுத் தொட்டியில் இது குஞ்சு பொரிப்பது மிக அபூர்வம், ஆகவே கடையில் இருப்பது ஆற்றிலிருந்து வந்ததாகவே இருக்கலாம் என்று எழுதி, "உங்களிடம் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். மூன்று இருக்கிறது, மூன்றைக் கொன்றுவிட்டேன் என்று பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது ஒரு தர்மசங்கடம். இது கூட்டமாக வாழும் மீன், ஐந்தாறாவது வேண்டும். மூன்று மட்டும் இருந்தால் ஒளிந்தே கிடக்கும், அல்லது பலமுள்ளது மற்றதை விரட்டும். இருப்பவற்றின் சௌக்யத்துக்காகக் கடையில் இன்னும் மூன்று வாங்கலாம். வாங்கினால் ஓடையில் இன்னும் மூன்று குறையும், கடைக்காரர் அடுத்த பையை வரவழைப்பார். நான் வாங்கிவிடுவது என்றுதான் இருந்தேன், உண்மையைச் சொல்கிறேன். சீத்தா கேம்ப் பையன்தான், "இருங்க ஸார், வேணாம்னு சொல்றவங்க இருப்பாங்க" என்றான். விசிறி ரிப்பேருக்கு வீடு வீடாகப் போகிறவனுக்கு எந்த வீட்டில் எந்தத் தொட்டி இருக்கிறது என்று தெரியும். நான்கு மாதம் கழித்து, மாட்டுங்காவில் ஒரு குடும்பம் வெளிநாடு கிளம்பியது. தொட்டியோடு நான்கு வரி மீன். அவர்கள் ஏரியில் விட்டுவிடலாம் என்று இருந்தார்கள். அது புண்ணியம் இல்லை ஸ்வாமி. ஏரியில் அதுவும் பிழைக்காது, தொட்டி நோயை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்போம். நான்கும் டாக்ஸியில் என் மடியில் செம்பூர் வந்தன. ஏழாயிற்று. கூரான ஜல்லியை எடுத்துவிட்டுச் சன்னமான மணல் போட்டேன்.

அதன் பிறகு கடையில் ஒன்றும் வாங்கவில்லை. பல ஊர்களில் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அங்கத்தினர்கள் யார் வீட்டிலாவது வரி மீன் வைத்துக்கொண்டு திண்டாடினால், ஏரியிலும் கோவில் குளத்திலும் விடாமல், உங்கள் ஊரில் ஒழுங்காக வளர்ப்பவரைத் தேடிக் கொடுங்கள். அந்த ஏழில் இன்று ஐந்து இருக்கின்றன. முதல் கூட்டத்தில் பிழைத்த மூன்றில் ஒன்று 2022ல் போயிற்று, லெட்ஜரில் தேதி இருக்கிறது. பையனுக்கு இப்போது கல்யாணமாகி, சீத்தா கேம்ப்பிலேயே ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடையில் ஒரு மூன்றடித் தொட்டி, அதில் அயிரை. சகதர்மிணி போன வருஷம், பால்கனியில் வைக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்க அனுமதி கொடுத்தாள். பால் அதில் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை.

இருபது நிமிஷம் தாண்டிவிட்டது, காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்வரிசையில் யாராவது விளக்கை அணையுங்கள், படங்களைப் போடுகிறேன். முதலில் வருவது 2013 ஜூன் மாதம் எடுத்தது, நோயிலிருந்து எழுந்த மறு வாரம். வாலருகே கோடு இரண்டாகப் பிரிந்து சேருகிறதே, தெரிகிறதா? இதோ அதற்குப் பக்கத்தில் போன வாரம் எடுத்த படம். அதே மீன்தான்.